சிடுமூஞ்சி அடை உட்கார்ந்தபோது

அன்று காலை நான் அந்த அறையில் இருந்தேனா என்பது இப்போது எனக்கு நிச்சயமில்லை. இருந்ததாகத்தான் நினைவு சொல்கிறது. அப்பாவின் முதுகு, பெட்டியின் துளையிலிருந்து எழும் மஞ்சள் வெளிச்சம், அதில் சிவந்து தெரியும் அவர் விரல் நுனிகள், பேக்கரிக்காரர் ஒரு காலை வாசற்படியில் வைத்துக்கொண்டு பேசியது எல்லாம் கண்ணால் பார்த்த மாதிரியே இருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்கு நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிப் போயிருக்க வேண்டும். கடையைத் திறக்கும் சாவி என்னிடம்தான் இருந்தது. பிறகு அப்பா ஒரு விதமாகவும் அண்ணி ஒரு விதமாகவும் சொன்னதை நானே சேர்த்துத் தைத்து, நடுவில் என்னையும் ஒரு ஓரமாக நிறுத்திக்கொண்டேனோ என்னவோ. யாரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்கில் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிற விஷயங்களுக்கு இப்படித்தான் ஆகிவிடுகிறது.

எங்கள் வீட்டின் முன்னறைதான் முட்டைக் கடை. அப்பாவுக்கு மொத்த வியாபாரம். பண்ணையிலிருந்து வருகிற முட்டைகளை அட்டைத் தட்டுகளில் அடுக்கி, பேக்கரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்ப்பார். அதற்கென்று ஒரு மரப்பெட்டி. உள்ளே பல்பு, மேலே முட்டை உட்காரும் அளவுக்கு ஒரு துளை. இடது கைப் பக்கத்திலிருந்து எடுத்துத் துளையில் வைத்து ஒரு திருப்பு. உள்ளே தெளிவாக இருந்தால் வலது பக்கத் தட்டுக்குப் போகும். விரிசலோ, கலங்கலோ, ரத்தக் கோடோ தெரிந்தால் காலடியில் இருக்கும் வாளிக்குப் போகும். மீன் வளர்க்கிற ஒருவர் அந்த வாளியை வந்து எடுத்துக்கொண்டு போவார். இதைச் செய்யும்போது அப்பா முட்டையைப் பார்ப்பதாகவே தோன்றாது. ரேடியோ கேட்பார், தெருவில் போகிறவரை நிறுத்தி விசாரிப்பார், எங்களைத் திட்டுவார். கை பாட்டுக்கு வேலை நடந்துகொண்டே இருக்கும்.

அண்ணன்தான் வண்டி ஓட்டினான். ஒரு மழைநாளில், பண்ணையிலிருந்து திரும்பும் வழியில், டயர் மாற்றுவதற்காகச் சாலையோரம் இறங்கி நின்றவனை ஒரு லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த முட்டைகளில் ஒன்றுகூட உடையவில்லை.

அவனை அடக்கம் செய்து எல்லாம் முடிந்த மறுநாள் காலை, அப்பா வண்டியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பெட்டியின் முன் உட்கார்ந்து பல்பைப் போட்டார். அண்ணன் கடைசியாக ஏற்றிக்கொண்டு வந்த முட்டைகளை, இடமிருந்து வலம், ஒன்று விடாமல் பார்த்து முடித்தார். அண்ணி உள்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றோடு அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் மௌனத்துக்குப் பழகியவள். கடையில் கண்ணாடிச் சில்லைத் தேய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருப்பேன். வீட்டுக்கு வந்தால் புத்தகம். அண்ணி எனக்கு வைத்திருந்த பெயரே கோட்டான். ஆனால் அவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்த மௌனம் எனக்கே தாங்கவில்லை. அப்பா சமையலறைப் பக்கம் வருவதற்கு முன் ஒரு தடவை செருமுவார். அண்ணி டீயை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். டம்ளர் வைக்கிற சத்தம்தான் கூப்பிடுவது. காலி டம்ளர் வைக்கிற சத்தம்தான் பதில். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் பிடித்து உலுக்கியிருப்பாள். அம்மா போய் ரொம்ப காலமாகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் நாலு கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. எல்லாம் அண்ணன் கொண்டு வந்தவை. முட்டை குறைந்துவிட்டதென்று பண்ணையில் கழித்துப் போட்ட கோழிகளை, ஒவ்வொரு தடவை ஒன்றாக, முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டு வந்துவிடுவான். சேவலை எங்கே பிடித்தான் என்று கடைசிவரை சொல்லவில்லை. அதற்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர். விடிவதற்கு ரொம்ப நேரம் முன்பே பிரேயர் மணி அடிக்கிற மாதிரி கத்தும். அண்ணி யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் நாள் முழுக்க மிஷின் மிதித்துவிட்டு வந்து அசந்து தூங்குபவள். அவளுக்கும் அண்ணனுக்கும் அதில் ஓயாத சண்டை.

"ஒண்ணு இந்த வீட்டுல அது இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்."

"நீயே இரும்மா. அது பாட்டுக்கு அதுவும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

"ஒரு நாளைக்கு அதைக் குழம்பு வெக்கிறேனா இல்லையா பாருங்க."

"வை. ஆனா காலைல உன்னை யாரு எழுப்புறது?"

அவன் போவதற்கு முந்தின நாள் பேசிக்கொண்டது இதுதான். நான் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தேன், சிரித்ததும் நினைவிருக்கிறது.

அண்ணனுக்குக் கோழிகள் விஷயத்தில் ஒரு ஆசை இருந்தது. "நாலு தலைமுறையா மிஷின்ல பொறந்ததுங்க. ஒரு தடவையாவது தன் முட்டை மேல தானே உக்காந்து பாக்கட்டுமே" என்பான். சும்மா சொல்லிக்கொண்டிருந்தானே தவிர அதற்காக ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. அவன் போன பிறகு அண்ணி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முதலில் தீவனக் கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன்.

"பண்ணைக் கோழியா? அதைப் போயா அடை உக்கார வெக்கப் போற?"

"ஏன், உக்காராதா?"

"அதோட அம்மா உக்காரல, அம்மாவோட அம்மா உக்காரல. இதுக்கு முட்டைன்னா ஆபீஸ் வேலைம்மா. வந்தோமா, போட்டோமா, எழுந்து வீட்டுக்குப் போனோமான்னு இருக்கும்."

"ஒண்ணுகூடவா உக்காராது?"

"நூத்துல ஒண்ணு கிறுக்குப் பிடிச்சதா இருக்கும். உங்க வீட்டுல அப்படி எதாவது இருக்கா?"

"என்னைத் தவிரவா?" என்றாள் அண்ணி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவளுக்கு நடந்தது ஞாபகம் வந்து, பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டு, தராசில் இல்லாத தூசியைத் தட்டினார். குரலைத் தணித்துக்கொண்டு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். தரையோடு தரையாக இருட்டான இடம் வேண்டும். ஆள் நடமாட்டம் கூடாது. முட்டையை அன்றாடம் எடுத்துவிட்டால் கோழிக்கு உட்காரத் தோன்றாது; குவிந்து கிடப்பதைப் பார்க்க வேண்டும். நிஜ முட்டையை அப்படிப் போட்டு வைத்தால் வீணாகிவிடும், அதனால் பொய் முட்டை வைக்கலாம். "மத்தபடி நம்ம கையில ஒண்ணும் இல்லை. அதுக்கா தோணணும்" என்றார்.

அண்ணி ஒரு பழைய மரப்பெட்டியைத் துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், சுவர் மூலையில் சாய்த்து வைத்தாள். பெட்டியின் வாய்க்குச் சாக்கைக் கிழித்துத் திரை கட்டினாள். வைக்கோலைக் கையால் அழுத்திக் குழி செய்தாள். முட்டை ஓட்டில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு, வெள்ளை சிமெண்டைக் கரைத்து ஊற்றிக் காய வைத்தாள். ஆறேழு செய்தாள். தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அவற்றில் ஒன்று எப்படியோ சமையலறை மேஜையில் தங்கிவிட்டது. அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். வெளிச்சம் துளிகூட ஏறவில்லை. திருப்பினார். பல்பைத் தட்டினார். வேறொரு முட்டையை வைத்துப் பல்பு சரியாக இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டார். மறுபடியும் அதை வைத்தார். காதருகில் வைத்து ஆட்டினார். கடைசியில் இருந்த இடத்திலேயே கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். கதவிடுக்கில் நின்ற அண்ணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் கோழிகள் மசியவில்லை. ஆபீசுக்குப் போகிற மாதிரியே வந்து, சிமெண்ட் முட்டைகளுக்குப் பக்கத்தில் தங்கள் முட்டையைப் போட்டுவிட்டு, ஊரைக் கூட்டிவிட்டு எழுந்து போய்விடும். அண்ணி விடவில்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாக்குத்திரையைத் தூக்கிப் பார்ப்பாள்.

இப்படியே வாரங்கள் போயின. ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, தெருநாய் ஒன்று பின்பக்கச் சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கோழிகள் பறந்து கூரை மேல் ஏறிக்கொண்டன. ஹெட்மாஸ்டர் கீழேயே நின்று சண்டை போட்டிருக்கிறது. அண்ணி வந்து பார்த்தபோது இறகுகள்தான் கிடந்தன. அவள் அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துச் சுவரோரம் புதைத்தாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் விடிகாலையில் கத்தல் இல்லை. நான் கண் விழித்தபோது அண்ணி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அப்படியே படுத்திருந்தேன்.

தீவனக் கடைக்காரர்தான் அதைச் சொன்னார். "சேவல் போனாலும் உடனே எல்லாம் போயிடாதும்மா. அதோட வித்து கோழி உடம்புல தங்கும். இன்னும் ஒரு பத்து நாளைக்குக் கோழி போடுற முட்டையில அது இருக்கும்."

அண்ணி வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து கோழிகள் போட்ட முட்டைகளைத் தட்டில் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, கட்டிலுக்கு அடியில், குளிர்ச்சியான மூலையில் வைத்தாள். காலையிலும் மாலையிலும் மெல்லத் திருப்பி வைத்தாள். அப்படி வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, உள்ளே இருக்கிற உயிர் சோர்ந்துவிடும். அதற்குள் ஏதாவது ஒரு கோழி உட்கார்ந்தாக வேண்டும். அடைக்கோழி இரவல் கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் வீட்டிலெல்லாம் விசாரித்தாள். அந்த நேரம் பார்த்து எங்கேயும் இல்லை. குஞ்சு பொரிக்கிற மிஷின் வைத்திருக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில்தான் வாங்குவார்கள். ஒரு கை முட்டையை வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது.

இதற்கிடையில் அவளுடைய அண்ணன் போன் செய்துகொண்டே இருந்தான். அங்கே எதற்காக இருக்கிறாய், கிளம்பி வா, நான் வந்து கூட்டிப் போகிறேன் என்றான். "ஒரு மூணு வாரம் பொறுத்துக்கோ. குஞ்சு பொரிக்கட்டும். அப்புறம் பேசலாம்" என்றாள் அண்ணி. அந்தப் பக்கத்தில் அவன் என்ன சொன்னானோ, "எனக்கு ஒண்ணும் புத்தி பிசகல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"அண்ணி, உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டேன்.

"பார்றா, கோட்டான் வாயைத் திறந்திருக்கு."

"சொல்லு."

கொஞ்ச நேரம் தைத்துக்கொண்டிருந்த துணியையே பார்த்தாள். "ஒரே ஒரு குஞ்சு போதும். சேவலாப் பொறக்கணும். விடியறதுக்கு முன்னாடி அது கத்தணும், எனக்குத் தூக்கம் கெடணும். அவ்வளவுதான்."

நாலு கோழிகளில் ஒன்றுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். மற்றதெல்லாம் தின்னும்போது இது அவற்றைக் கொத்திவிட்டுப் போகும், தடவினால் முறைக்கும். ஒரு சாயங்காலம் மற்ற மூன்றும் கூண்டுக்குள் ஏறிவிட்டன, இதைக் காணோம். அண்ணி திரையைத் தூக்கினாள். சிடுமூஞ்சி சிமெண்ட் முட்டைகளின் மேல் தட்டையாகப் பரந்து உட்கார்ந்திருந்தது. கையை நீட்டியதும் உடம்பை இரண்டு மடங்காக உப்பி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் உறுமிற்று. நறுக்கென்று ஒரு கொத்து. அண்ணி ரத்தம் வந்த விரலைச் சப்பிக்கொண்டே என்னைப் பார்த்து, பேசாதே என்று சைகை காட்டினாள். மறுநாளும் எழவில்லை. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கி வைக்கோலில் போட்டிருந்தது.

இருட்டு கட்டியதும் அண்ணி சிமெண்ட் முட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, கட்டிலடியில் இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகினாள். பதினோரு முட்டைகள். சிடுமூஞ்சி அலகால் அவற்றைத் தனக்கு அடியில் இழுத்துச் சரிசெய்துகொண்டது. நான் டார்ச்சைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பின்வாசல் நிலையில் அப்பா நின்றிருந்தார். நாங்கள் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் ரேடியோ போடவில்லை. வண்டியைப் பின்பக்கம் கொண்டுவர வேண்டாம், வாசலிலேயே இறக்கிவிடுங்கள் என்று புது டிரைவரிடம் சொல்லிவிட்டார். யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணி இதையெல்லாம் கவனித்தாள். டீயை மேஜையில் வைத்துவிட்டு, முன்போல உடனே நகராமல், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் ஆனதும் முட்டைகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கரு பிடிக்காத கூமுட்டை இருந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது அழுகி வெடித்து மற்றதையும் கெடுத்துவிடும். அண்ணியும் நானும் டார்ச்சை வைத்துப் பார்த்தோம். ஓட்டின் நிறம் அடர்த்தி. எங்களுக்கு ஒரு மூட்டம்தான் தெரிந்தது. "அப்பா பார்த்தா ஒரு நொடியில சொல்லிடுவார்" என்றேன். அண்ணி டார்ச்சை அணைத்துவிட்டு முட்டைகளைத் திரும்பப் பெட்டிக்குள் செருகினாள்.

மறுநாள் காலை சிடுமூஞ்சி தீனிக்காக எழுந்து போன சமயம், அண்ணி முட்டைகளைத் துண்டு விரித்த கூடையில் எடுத்து வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"மாமா."

அப்பா கையில் இருந்த முட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லணும். எதுல உயிர் இருக்கு, எதுல இல்லைன்னு. அது தின்னுட்டு வர்றதுக்குள்ள திரும்ப வெச்சுடணும்."

"வைம்மா. வை, வை. இதோ."

பெட்டியின் இடது பக்கத்தில்தான் இடம் இருந்தது. அப்பா அங்கே இருந்த தட்டை நகர்த்திவிட்டுக் கூடையை வாங்கி வைத்தார். அண்ணி, "நான் வைக்கோலை மாத்திட்டு வந்துடறேன்" என்று பின்பக்கம் போனாள்.

முதல் முட்டையை அப்பா இரண்டு கையாலும் எடுத்தாராம். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாராம். துளையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே தெளிவாக இருந்தது. "இதுல ஒண்ணும் இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வலது பக்கம் வைத்தார். இரண்டாவதை எடுத்தார். அதில் சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன. "இருக்கு" என்றார். பின்பக்கத்துக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, அதைத் திரும்பக் கூடையிலேயே வைத்தார். அண்ணிக்குக் கேட்டது. அவள் வைக்கோலும் கையுமாக அப்படியே நின்றாள்.

அப்போது பேக்கரிக்காரர் வாசற்படியில் கால் வைத்தார்.

"என்னங்க, இன்னும் ரெடியாகலையா? அங்க மாவு காத்துட்டு இருக்கு."

"அஞ்சு நிமிஷம்."

"உங்க பையன் இருந்தப்ப நான் இப்படி வந்து நின்னிருக்கேனா? விடியறதுக்கு முன்னாடி வண்டி என் வாசல்ல நிக்கும். ஹாரன் அடிச்சு என்னையே எழுப்பி விடுவான். 'எழுந்திருங்க முதலாளி, ஊரே ரொட்டி கேக்குது'ம்பான். குறும்புக்காரன். நேத்துகூட வீட்டுல சொல்லிட்டு இருந்தேன், அவன் சிரிப்பு இன்னும் காதுல இருக்குன்னு…"

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அப்பா திரும்பவில்லை. "ஆமாங்க" என்றார். மறுபடியும் "ஆமாங்க" என்றார். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை, ஏனென்றால் கை வேலையில் இருந்தது. இடமிருந்து எடுத்தது, துளையில் வைத்தது, ஒரு திருப்பு. சிவப்புக் கோடு. கீழே. அடுத்தது. சிவப்புக் கோடு. கீழே. பேக்கரிக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். வாளியில் பாதிக்கு மேல் உடைந்த முட்டை இருந்ததால் விழுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

விரல் துண்டில் பட்டபோதுதான் அவருக்கு உணர்வு வந்தது. கூடை காலியாக இருந்தது. வலது பக்கம் இரண்டு முட்டைகள் இருந்தன, தெளிவானவை.

அண்ணி வந்தபோது அவர் வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அம்மாடி" என்றார். அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள், வலது பக்கத்தைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். மண்டியிட்டு, வளையலைக்கூட ஏற்றிவிடாமல், முழங்கை வரை வாளிக்குள் விட்டுத் துழாவினாள். ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்ததில் எல்லாம் உடைந்திருந்தன. ஒன்றுகூட முழுசாக இல்லை. பேக்கரிக்காரர் என்ன ஏதென்று புரியாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, தன் முட்டையை வாங்காமலே போய்விட்டார்.

பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"எத்தனையில இருந்துச்சு மாமா?"

"ரெண்டைத் தவிர எல்லாத்துலயும்."

"எப்படி இருந்துச்சு?"

"வேண்டாம்மா."

"சொல்லுங்க. நீங்கதானே பாத்தீங்க. நான் பாக்கல."

அப்பா பெட்டியின் துளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சிலந்தி வலை மாதிரி. சிவப்பா, ரொம்ப மெல்லிசா. நடுவுல ஒரு பொட்டு அளவுக்குக் கறுப்பு."

"அசைஞ்சுதா?"

"அசைஞ்சுது."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும் அசைஞ்சுதும்மா."

அண்ணி தலையை ஆட்டினாள். கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "அன்னிக்கு வண்டியில வந்த முட்டையை இறக்கி வெச்சுப் பாத்தீங்களே, அன்னிக்கும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கோணிவிட்டது. "எனக்கு எதுவும் தெரியலம்மா. உக்காந்தேன். கை பாட்டுக்குப் பண்ணுச்சு. நடுவுல ஒருதடவை, பையன் டீ குடிச்சானான்னு கேக்கத் திரும்பினேன்."

அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் சொன்னேனே, அப்போதும் நான் அங்கே இருந்தேனா என்று தெரியாது. அண்ணி எழுந்து, சுத்தமாக இருந்த கையால் பல்பை அணைத்தாள். "விடுங்க மாமா" என்றாள். அந்த இரண்டு தெளிவான முட்டைகளையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சிமெண்ட் முட்டைகளோடு அவற்றையும் பெட்டியில் வைத்தாள்.

சாயங்காலம் நான் கேட்டேன், எதற்காக வைத்தாய் என்று. "அது திரும்பி வந்து தேடும்ல" என்றாள்.

சிடுமூஞ்சி தொடர்ந்து உட்கார்ந்திருந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேச்சு திரும்பியது. மேஜையில் டீ வைக்கும்போது "மாமா, டீ" என்ற குரல் கேட்டது. அப்பா அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சின்ன வயசில் அவன் முட்டைத் தட்டின் மேல் ஏறி நின்றது, பள்ளிக்கூடத்தில் அவனுக்கு முட்டை என்றே பட்டப்பெயர் வைத்தது எல்லாம் சொன்னார். அண்ணி தைத்துக்கொண்டே கேட்டாள், சில சமயம் சிரித்தாள். ஆனால் திரையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கோழிக்குத் தீனியும் தண்ணீரும் அப்பாதான் வைத்தார்.

பொரிக்க வேண்டிய நாள் வந்தபோது, அப்பா காலையில் எங்கேயோ போய்விட்டு, ஓட்டை போட்ட ஒரு அட்டைப் பெட்டியோடு திரும்பினார். உள்ளே மிஷினில் பொரித்த ஒரு நாள் குஞ்சுகள் கீச்சிட்டன. இருட்டட்டும் என்று காத்திருந்தார். பொய் முட்டைகளையும் அந்த இரண்டு கூமுட்டைகளையும் உருவிவிட்டு, ஒவ்வொரு குஞ்சாக உள்ளே விட்டார். சிடுமூஞ்சி அவர் கையைப் பதம் பார்த்தது. பிறகு அடியில் ஏதோ அசைவதை உணர்ந்து நிமிர்ந்தது. நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், மெதுவாக, விட்டு விட்டுக் கூப்பிட்டது. இறக்கையைத் தளர்த்தி இடம் கொடுத்தது.

"ஏத்துக்கிச்சும்மா" என்றார் அப்பா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அது ஏத்துக்கும் மாமா" என்றாள் அண்ணி.

அவள் குரலில் கோபம் இல்லை. அப்பாவின் கையைப் பிடித்து, கொத்திய இடங்களைக் கழுவி மருந்து போட்டுவிட்டாள். அன்று இரவு தன் அண்ணனுக்கு அவளே போன் செய்தாள்.

அவன் வந்த அன்று அப்பா காலையிலிருந்து கடையைத் திறக்கவில்லை. பையையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிய பிறகு, "நான் உன்னைப் போன்னு சொல்லலம்மா" என்றார்.

"தெரியும் மாமா."

"இருன்னு சொல்ற தகுதியும் எனக்கு இல்லை."

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க ஒண்ணும் பண்ணல. இங்க காலைல முழிப்பு வருது. ஒரு சத்தமும் இல்லை. அதைத்தான் என்னால தாங்க முடியல."

என்னைக் கட்டிக்கொண்டு, "கோட்டான், வாயைத் திறந்து எதாவது பேசிட்டு இரு அவர்கிட்ட" என்றாள். சரி என்றேன்.

அண்ணி தன் அண்ணன் வீட்டில் மூன்று வருஷம் இருந்தாள். பிறகு ஒரு எலக்ட்ரீஷியனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு பெண் குழந்தைகள். இப்போது சொந்தமாக நாலு மிஷின் போட்டுத் தையல் நடத்துகிறாள். எப்போதாவது போன் செய்வாள். சிடுமூஞ்சி அந்தக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கியது. எல்லாம் பெட்டை. பிறகு அது ஒரு குளிர்காலத்தில் செத்துப்போனது. மற்றவற்றைத் தீவனக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அவரும் இப்போது இல்லை. அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கடை நடத்தினார். முட்டை பார்க்கும் வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார். தான் பெட்டியின் முன் உட்காரவில்லை. ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். முன்னறையை ஒரு செல்போன் ரிப்பேர்க்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் இன்னும் கண்ணாடிக் கடையில்தான் வேலை செய்கிறேன்.